இன்னொரு தடவை

அந்தச் சனிக்கிழமையை நான் வெறுத்தேன்.
புன்தா அரேனாஸில் வெயில் எட்டிப்பார்ப்பது
மாதத்தில் ஒருநாளோ இரண்டு நாளோ.
அதில் ஒன்றைக் கொண்டுபோய்த்
தீயணைப்பு நிலையத்துச் சிமெண்டுத் தரையில் தொலைத்துவிட்டு
மண்டியிட்டிருந்தோம்,
காப்பகத்துப் பெண்கள் ஒன்பது பேர்.

எதிரே ரப்பர்க் குழந்தைகள்,
கண்ணும் வாயும் திறந்தபடி.
ஒருத்தி வாய் வைத்ததும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து
அடுத்தவளிடம் நகர்த்தினார் ஓயார்சோ.
பகலில் மீன் கிடங்கில் கணக்கெழுதுபவர்,
சங்கு ஊதினால் தீயணைப்பவர்.
"தலை தாழ்ந்திருக்கணும். இன்னொரு தடவை."
"நீ தட்டுவது பக்கத்து வீட்டுக் கதவையா?
இன்னொரு தடவை."
என் பொம்மை அன்று பதினோரு முறை செத்தது.
ஓதிலியா சிரித்தாள். நானும்.
நான்கு மணிக்குத் தேநீரும் சான்றிதழும்;
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

ஏழு வாரம் கழித்து ஒரு செவ்வாய்.
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத்
தெருமுனைகளில் கயிறு கட்டுகிற அளவுக்குக் காற்று.
தகரக் கூரை ஓயாமல் ஏசிக்கொண்டிருந்தது.
உள்ளே பதினான்கு குழந்தைகள்,
பதினான்கு சத்தம்.

காலையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்,
இருப்பதைப் பகிர்ந்து சாப்பிடணும் என்று.
மூன்று வயது ஃபாபியோ சொல் தட்டாதவன்.
தன் ஆப்பிளில் ஒரு துண்டைக் கடித்தெடுத்துப்
பத்து மாத எலுனேயின் வாயில் வைத்துவிட்டான்.
அன்புதான். வேறொன்றுமில்லை.

அழுதால் திரும்பிப் பார்ப்போம்.
விழுந்தால் கேட்கும்.
மூச்சு அடைத்தால்
ஒரு சத்தம் குறையும், அவ்வளவுதான்.
பதினான்கில் ஒன்று.
அந்தக் காற்றில் அதை எப்படிக் கேட்டேனோ,
இன்றுவரை தெரியாது.

உதடு நாவல்பழ நிறம்.
ஓதிலியா கரண்டியோடு உறைந்து நின்றாள்.
பெயர் சொல்லிக் கத்தினேன்: "போனை எடு!"
கரண்டியோடே ஓடினாள்.

வாய்க்குள் விரலை விடு, விடு என்று
எனக்கு முன் பிறந்த அத்தனை பெண்களின் கைகளும்
என் கைக்குள் துடித்தன.
கண்ணுக்குத் தெரியாததைத் தோண்டாதே,
உள்ளேதான் போகும்.
இது ஓயார்சோ.
முன்னங்கையில் குப்புறக் கிடத்தினேன்.
தாடையை விரல்கள் தாங்க, தலை தாழ,
தோள்பட்டைகளின் நடுவே உள்ளங்கை அடி.
ஒன்று. இரண்டு.
குழந்தையை அடிக்கிறாயே என்று மனம் கூசியது.
கை கூசவில்லை.
மூன்று. நான்கு. ஐந்து.
ஒன்றுமில்லை.
மல்லாத்தி, மார்பின் நடுவில் அழுத்தினேன்,
ஐந்து.
ஒன்றுமில்லை.
மறுபடி கவிழ்த்தேன்.
மூன்றாம் தட்டில் விழுந்தது
என் செருப்பின்மேல்,
நகத்தளவு வெள்ளை.

அப்புறம் அவள் அழுதாள்.
என்ன குரல்! கூரையே அடங்கிப்போனது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள்.
பதறாமல் இருக்க எங்கே பழகுவது என்று
எவரும் சொல்வதில்லை.
நான் பதறினேன். முழுக்கப் பதறினேன்.
என் கைகள் மட்டும்
ஒரு சனிக்கிழமையின் சிமெண்டுத் தரையில்,
சலிப்போடு,
எண்ணிக்கொண்டிருந்தன.

மருத்துவர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டு
நல்லதென்று சொல்லிப் போனபின்
நண்டுத் தொழிற்சாலையிலிருந்து அம்மா வந்தாள்,
ஏப்ரனைக்கூடக் கழற்றாமல்.
நன்றி சொல்லவில்லை. திட்டவும் இல்லை.
குழந்தைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள்,
முழங்கால் மார்பில் இடிக்க.
நெடுநேரம் கழித்துத் தன் கழுத்துத் துணியைச் சுருட்டி
முன்னங்கையில் கிடத்தி
என்னைப் பார்த்தாள்.
"இப்படியா?"

தலை இன்னும் தாழணும், என்றேன்.

மூலையில் ஃபாபியோ,
பழுப்பேறிய மிச்ச ஆப்பிளோடு,
சாப்பிடலாமா என்று யாரைக் கேட்பதெனத் தெரியாமல்.